பழைய வீட்டிலும் மண்ணிலும் கிடைக்கும் பழம்பொருளை அருங்காட்சியகத்தில் ஒப்படைப்பது எப்படி? குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் குடும்பத்துப் பழைய வீட்டைப் பிரித்தபோது மச்சிலிருந்து இறங்கிய ஏட்டுக் கட்டுகளையும் செம்புப் பாத்திரங்களையும் முறைப்படி ஒப்படைக்க முயன்றேன். இதற்கான நடைமுறை சாதாரண மக்களுக்குப் புரியும்படி ஓரிடத்திலும் எழுதி வைக்கப்படவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. அங்கே போனால், கொண்டு வந்த தாள் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காக, எந்தப் பொருளை எங்கே, என்ன தாளுடன், எப்போது கொண்டு செல்ல வேண்டும் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். வட்டார அருங்காட்சியகத்துக்குப் பொருள் எவ்வளவு முக்கியமோ, அது எங்கே, எந்த ஆழத்தில், எதனுடன் சேர்ந்து, யார் வீட்டில் இருந்தது என்ற செய்தியும் அவ்வளவு முக்கியம். அந்தச் செய்தி இல்லாத காசு வெறும் உலோகத் துண்டுதான். கீழே சொல்லப்படும் வேலைகளில் பெரும்பகுதி அந்தச் செய்தியைக் காப்பாற்றும் வேலையே.

1. கிடைத்த அன்றே செய்ய வேண்டியவை

வீடு கட்ட வாணம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போதோ கிணறு வெட்டும்போதோ தாழி, பானை, சிலை, காசு என எது தென்பட்டாலும் அந்த இடத்தில் மட்டுமாவது வேலையை நிறுத்துங்கள். ஜேசிபி இயந்திரம் ஒரு முறை அள்ளிக் கொட்டிவிட்டால் பிறகு எந்த வல்லுநர் வந்தும் பயனில்லை. பொருள் இருக்கும் நிலையிலேயே, அதன் அருகில் பள்ளிப் பிள்ளைகளின் 15 செ.மீ. அளவுகோலை வைத்து, மேலிருந்தும் பக்கவாட்டிலும் கைபேசியில் படம் எடுங்கள். சற்று விலகி நின்று, வீடோ மரமோ தெரியும்படி இன்னொரு படம் எடுங்கள். தரைமட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம், சர்வே எண் என்ன, அப்போது உடனிருந்தவர்கள் யார் என்பதை அன்றே தாளில் எழுதித் தேதியிடுங்கள். உடனிருந்த இருவரிடம் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். அந்தத் தாள் பின்னால் எவ்வளவு உதவும் என்பதை இப்போது சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அடுத்து, கழுவாதீர்கள். நம் வீடுகளில் பித்தளையும் செம்பும் மங்கியிருந்தால் கை தானாகப் புளியைத் தேடும். பழம்பொருளுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. செம்பின் மேல் படிந்திருக்கும் பச்சைப் படலத்தைப் புளியாலோ எலுமிச்சையாலோ சாம்பலாலோ தேய்த்து எடுத்தால், அதனடியில் இருக்கும் எழுத்தும் உருவமும் சேர்ந்தே தேய்ந்துவிடும். உலோகத்தைச் சுத்தம் செய்வதற்கென்றே சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கப்பட்ட வேதியியல் பாதுகாப்புக்கூடம் இருக்கிறது. அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடலாம். ஓலைச்சுவடிக்கும் இதே விதிதான். புல்தைலம் பூசினால் ஓலை வளையும் என்று கேள்விப்பட்டுப் பலர் தாங்களே பூசிவிடுகிறார்கள். கட்டை அவிழ்த்தாலே நொறுங்கும் நிலையில் உள்ள ஓலையை, நூலைக்கூட அறுக்காமல், பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே நல்லது. நெகிழிப் பையில் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். இடவப்பாதியும் துலாமழையும் என இரண்டு பருவமழை பெறும் மாவட்டம் இது. பைக்குள் ஈரம் வியர்த்து ஒரே மாதத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

கல்வெட்டாக இருந்தால் சுண்ணாம்போ சாக்பீஸோ மாவோ தேய்த்து எழுத்தைத் துலக்கப் பார்க்காதீர்கள். மாலைச் சாய்வெயிலில் எடுத்த படத்தில் எழுத்து தானாகவே எழுந்து தெரியும். கல்லை இடம் மாற்றவும் வேண்டாம்.

2. உங்கள் பொருள் எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

நான் பார்த்தவரை பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். பொருள் எப்படி உங்கள் கைக்கு வந்தது என்பதைப் பொறுத்தே போக வேண்டிய வாசல் மாறும்.

முதல் வகை புதையல். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் மண்ணுக்குள் மறைந்திருப்பதை மட்டும் புதையல் என்று சொல்லவில்லை. மண்ணோடு பொருந்தி நிற்கும் எதற்குள்ளும் மறைந்திருக்கும் மதிப்புள்ள பொருள் எல்லாமே புதையல்தான். வீட்டுச் சுவரை இடிக்கும்போது உள்ளிருந்து விழுந்த காசுக் கலயமும் இதில் அடங்கும். "என் வீட்டுச் சுவர், என் காசு" என்று நினைத்து எடுத்து வைத்துக்கொண்டவர்கள்தான் பின்னால் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

இரண்டாவது வகை, மறைக்கப்படாமல் குடும்பத்தில் கைமாறி வந்த பொருள். மச்சிலிருந்த ஏடு, பத்தாயத்தில் கிடந்த நாழி, தூக்குவிளக்கு, உருளி, கிண்டி, பனையேறிய தாத்தாவின் அரிவாள்பெட்டி எல்லாம் இதில் வரும். இவற்றை நீங்களே அன்பளிப்பாகக் கொடுக்கலாம்.

மூன்றாவது வகை கோயில் பொருள். குடும்பக் கோயிலாகவே இருந்தாலும், விக்கிரகமும் வழிபாட்டுப் பாத்திரமும் தனி ஒருவர் கொடுத்துவிடக்கூடிய சொத்து அல்ல. மாவட்டத் திருக்கோயில்கள் நிர்வாகத்தின் கீழ் உள்ள கோயிலுக்கு உரியது என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும், அதன் சுசீந்திரம் அலுவலகத்துக்கு எழுதிய பிறகே மேற்கொண்டு பேசுங்கள். மண்ணிலிருந்து உலோகச் சிலை வெளிப்பட்டால் கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் அன்றே தகவல் சொல்லிவிடுவது உங்களுக்கே பாதுகாப்பு.

நான்காவது வகை, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியவை: கல்வெட்டு, சுமைதாங்கிக் கல், திருவிதாங்கூர்க் காலத்து எல்லைக்கல், பாறைக் குடைவு. இவற்றை அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போகக் கூடாது. தகவலைத்தான் கொண்டு போக வேண்டும்.

3. எந்த வாசலைத் தட்டுவது

பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் பலர் தவறான இடத்தில் போய் நிற்கிறார்கள். கன்னியாகுமரியில் காந்தி மண்டபத்துக்கு அருகில் உள்ள அரசு அருங்காட்சியகம், தமிழக அரசின் அருங்காட்சியகங்கள் துறையைச் சேர்ந்தது. கோயில் மரச்சிற்பங்கள், செப்புத் திருமேனிகள், பழங்காசுகள், பழங்குடி மக்களின் பொருட்கள், திமிங்கில எலும்பு எனக் கலவையான தொகுப்பு அங்கே உண்டு. தமிழக அரசின் தொல்லியல் துறை வேறு துறை. கல்வெட்டைப் படியெடுப்பதும் அகழாய்வு செய்வதும் அதன் வேலை. மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறை இன்னொன்று. சிதறால் மலைக்கோயிலும் வட்டக்கோட்டையும் அதன் பாதுகாப்பில் உள்ளவை. அந்த வளாகங்களில் எது கிடைத்தாலும் அங்குள்ள ஊழியரிடமே சொல்ல வேண்டும்.

தக்கலைப் பக்கத்தவர்கள் முதலில் நினைப்பது பத்மநாபபுரம் அரண்மனையைத்தான். அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும், குமரி தமிழகத்துடன் இணைந்த 1956 நவம்பர் 1க்குப் பிறகும் கேரள அரசின் தொல்லியல் துறையே அதை நிர்வகித்து வருகிறது. அங்குள்ள அருங்காட்சியகம் பார்க்கத்தக்கது; நம் வீட்டுப் பொருளை ஒத்த பொருள் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும். ஆனால் தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்த புதையலை ஒப்படைக்கும் இடம் அது அல்ல. திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உங்கள் ஊர்க் கல்வெட்டு ஏற்கெனவே படிக்கப்பட்டதா என்று பார்ப்பதற்கும் இந்த எல்லைக் கதை தேவைப்படும். 1956க்கு முன் படியெடுக்கப்பட்டவை திருவிதாங்கூர் அரசின் தொல்லியல் வெளியீடுகளிலும், பின்னர்ப் படியெடுக்கப்பட்டவை தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்ட மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகளிலும் இருக்கும். இரண்டையும் பார்க்காமல் "புதிய கல்வெட்டு கண்டுபிடிப்பு" என்று பத்திரிகையாளரை அழைத்துவிடாதீர்கள்.

4. புதையல் என்றால்: ஆட்சியருக்கு எழுத்துமூலம்

பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், கண்டெடுத்தவர் இயன்றவரை விரைவில் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். 1878இல் வைத்த அளவு அது. இன்றைய நிலையில் எல்லாமே அதைத் தாண்டும் என்றே கொள்ளுங்கள். கடிதத்தில் மூன்று செய்திகள் கட்டாயம்: பொருளின் தன்மையும் தோராயமான அளவும் மதிப்பும், கிடைத்த இடம், கிடைத்த தேதி. முதல் படியில் சொன்ன குறிப்புத்தாளையும் படங்களையும் இணைத்துவிடுங்கள். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கவோ, கேட்கும்போது காட்டுவதாகப் பிணை கொடுக்கவோ சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் வந்து பார்த்து, வட்டாட்சியர் வழியாக எடுத்துச் செல்வார்கள்.

பொருளை எண்ணி, எடை போட்டு, படம் எடுத்து, எடுத்துச் செல்பவரின் கையெழுத்துடன் பட்டியல் வாங்காமல் கொடுக்காதீர்கள். "ஆபீசுக்கு வாருங்கள், அங்கே எழுதித் தருகிறோம்" என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், வெள்ளைத் தாளிலாவது அங்கேயே எழுதி வாங்குங்கள். கடிதத்தை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். அந்த எண்தான் பின்னர்த் தொடர்ந்து கேட்பதற்கான பிடி. நேரில் போக முடியாதவர்கள் ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தலாம்.

இதற்குப் பிறகு பொறுமை வேண்டும். உரிமை கோருவோர் வரலாம் என்று ஆட்சியர் அறிவிக்கை வெளியிடுவார். விசாரணைக்கு அவர் குறிக்கும் நாள், அறிவிக்கை வெளியான நாளிலிருந்து நான்கு மாதம் கழியும் முன்போ, ஆறு மாதம் கடந்த பின்போ இருக்கக் கூடாது. நூறு ஆண்டுகளுக்குள் உங்கள் முன்னோர் மறைத்து வைத்தது என்று காட்ட முடிந்தால் உரிமை கோரலாம். அதற்குப் பாகப்பிரிவினைப் பிரமாணம் (பத்திரம்) போன்ற பழைய தாள்கள் தேவைப்படும். யாரும் உரிமை நிறுவாமல் உரிமையாளரற்ற புதையல் என்று அறிவிக்கப்பட்டால், நிலத்துக்காரரும் கண்டெடுத்தவரும் தங்களுக்குள் உடன்பாடு செய்துகொள்ளலாம். உடன்பாடு இல்லையென்றால் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும், நிலத்துக்காரருக்கு மீதியும் என்பது சட்டத்தின் கணக்கு. உங்கள் நிலத்தில் கூலிக்கு வெட்டியவர் கண்டெடுத்திருந்தால் அவர் பெயரை மறைக்காதீர்கள். அது அவருக்குச் செய்யும் அநீதி. அதோடு, பின்னால் வழக்காகவும் திரும்பும். அரசு தானே எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் மதிப்புடன் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கலாம். அறிவிக்காமல் மறைத்தால் பங்கு பறிபோவதுடன் ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. மறைப்பதற்குத் துணைபோன நிலத்துக்காரரும் தப்ப முடியாது.

5. குடும்பப் பொருள் என்றால்: தாள்களை முதலில் தயார் செய்யுங்கள்

அன்பளிப்பாகக் கொடுப்பதில் அருங்காட்சியகத்துக்கு உள்ள ஒரே அச்சம், நாளை இன்னொரு பங்காளி வந்து "அது என் பொருள்" என்று நிற்பாரோ என்பதுதான். எனவே பின்வருவன எல்லாம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது: உங்கள் ஆதார் நகல், பொருள் இருந்த வீட்டின் பட்டா அல்லது பிரமாண நகல், அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று விளக்கும் ஒரு பக்கக் கடிதம், உடன்பிறந்தவர்களும் மற்றப் பங்காளிகளும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், ஒவ்வொரு பொருளுக்கும் அளவுகோலுடன் எடுத்த படம். சம்மதக் கடிதம்தான் காலம் பிடிக்கும். வளைகுடாவில் இருக்கும் தம்பிக்கும் கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கும் அக்காவுக்கும் முன்கூட்டியே அனுப்பி, கையெழுத்திட்ட படியைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பிரமாணங்கள் பல மலையாளத்தில் இருக்கும். தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆவணியிலிருந்து மார்கழி நடுப்பகுதி வரையிலான தேதிக்குக் கொல்லம் ஆண்டுடன் 824ஐயும், அதன் பின் ஆடி முடியும் வரை 825ஐயும் கூட்டினால் கி.பி. ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1100 என்பது 1924 ஆகஸ்ட் முதல் 1925 ஆகஸ்ட் வரை. கடிதத்தில் இரண்டு ஆண்டுகளையும் எழுதுங்கள். வேற்று மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த அலுவலருக்குக் கொல்லம் கணக்கு பழக்கமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டத்தையும் இங்கே பார்த்துக்கொள்ள வேண்டும். நூறு ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருளும், எழுபத்தைந்து ஆண்டுக்குக் குறையாத, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள சுவடியும் தொல்பொருள் எனப்படும். இவற்றில் கல், சுடுமண், உலோகம், தந்தம், எலும்பு, மரம் ஆகியவற்றாலான சிற்பங்களையும், ஓவியங்களையும், ஓவியம் உள்ள சுவடிகளையும் வைத்திருப்போர் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவான பொருளின் உரிமை மாறும்போதும் தெரிவிக்க வேண்டும். காசு இந்தப் பதிவுப் பட்டியலில் இல்லை. தொல்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லத் தனியாருக்கு வழியே இல்லை. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை. துபாயில் இருக்கும் மாமா வீட்டு வரவேற்பறைக்கு அழகாக இருக்கும் என்று பெட்டியில் வைத்து அனுப்பிவிடாதீர்கள்.

6. அருங்காட்சியகம் எதை விரும்பும், எதை மறுக்கும்

திருவிதாங்கூர்ச் சக்கரமும் சங்கு பொறித்த செப்புக் காசும் இந்த மாவட்டத்தில் ஏராளமாகக் கிடைப்பவை. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்று புழங்கிய நாணயம். வீட்டுக்கு வீடு நான்கு இருக்கும். இரண்டு சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய வரவேற்பை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் ஒரே கலயத்தில் சேர்ந்து கிடைத்த காசுகளைப் பிரிக்காமல் கலயத்துடன் கொடுத்தால் மதிப்பே வேறு. எந்தக் காசு எதனுடன் புழங்கியது, எப்போது மறைக்கப்பட்டது என்பதை அந்தச் சேர்க்கைதான் காட்டும்.

என் கருத்தில், நாம் குப்பை என்று நினைப்பதையே வட்டார அருங்காட்சியகம் அதிகம் சேர்க்க வேண்டும். பாளை இடுக்கும் கடிப்பு, பதநீர்க் கலயம், நெல் அளந்த மரக்கால், வள்ளத்தின் துடுப்பு, தேய்ந்துபோன வில்லுப்பாட்டு ஏடு ஆகியவை பழைய இரும்புக் கடைக்கும் அடுப்புக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. இவற்றைக் கொடுக்கும்போது, பயன்படுத்தத் தெரிந்த ஒருவரைப் பேசவைத்து, பாகங்களின் பெயரையும் கையாளும் முறையையும் எழுதிக் கொடுங்கள். பொருளைவிட அந்தத் தாள் அரிதானது.

ஏடுகளுக்கு மட்டும் இன்னொரு வழியும் உண்டு. வர்ம ஏடு, வைத்திய ஏடு, கதைப்பாடல் ஏடு போன்றவற்றைப் படித்துப் பட்டியலிடும் வல்லுநர்கள் சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறார்கள். எழுத்து வட்டெழுத்தா, தமிழா, பழைய மலையாளமா என்று தெரியாவிட்டால், ஓர் ஓலையின் தெளிவான படத்தை அனுப்பிக் கேட்டுவிட்டு, பிறகு இடத்தை முடிவு செய்யலாம்.

7. நேரில் செல்லும் நாள்

அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. கார்த்திகை தொடங்கித் தை வரை ஐயப்ப பக்தர்களின் கூட்டம் கன்னியாகுமரியை நிறைத்துவிடும். அந்த மாதங்களைத் தவிர்த்து, வார நாளில் காலையிலேயே செல்லுங்கள். முதல் முறை பொருளைக் கொண்டு செல்லாதீர்கள். படங்களையும் கடிதத்தையும் மட்டும் எடுத்துச் சென்று அருங்காட்சியகப் பொறுப்பாளரான காப்பாட்சியரைப் பாருங்கள். அவர் ஊரில் இருக்கிறாரா என்பதைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. நுழைவுவாயிலில் இருப்பவரிடம் பொருளைக் கொடுத்துவிட்டு வருவது ஒருபோதும் வேண்டாம்.

மதிப்பிட்டுத் தருகிறேன் என்று யாராவது சொல்வதை நம்பி, சிலையையோ செப்பேட்டையோ காரில் வைத்துத் திருவனந்தபுரத்துக்குக் கிளம்பாதீர்கள். களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் தாளில்லாமல் பிடிபட்டால், நல்லெண்ணத்தை நிரூபிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். அதைவிடப் பெரிய பொறி, செம்புக் கலசம் அரிசியை இழுக்கும், அதில் இரிடியம் இருக்கிறது, கோடிக்கணக்கில் போகும் என்று வந்து நிற்கும் கூட்டம். முதலில் சோதனைக் கட்டணம் என்று உங்களிடமே பணம் வாங்குவார்கள். வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டுக் காவல் நிலையத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

8. ஒப்புகை, பதிவெண், செலவு

பொருளைக் கொடுக்கும் நாளில் கிடைக்கும் ஒப்புகை தற்காலிகமானது. பொருள் அருங்காட்சியகத்தின் பதிவேட்டில் ஏறி, அதற்கென ஒரு பதிவெண் தரப்பட்ட பிறகுதான் ஒப்படைப்பு முழுமை பெறும். அந்த எண்ணை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாதங்கள் ஆகியும் பதில் இல்லையென்றால், 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுச் செய்து, இன்ன தேதியில் கொடுத்த பொருளின் பதிவெண் என்ன என்று மட்டும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கேள்வி சுருக்கமாக இருந்தால் பதிலும் தெளிவாக வரும்.

எல்லாப் பொருளும் காட்சிக்கு வராது; பெரும்பகுதி இருப்பறையில்தான் இருக்கும். "நிரந்தரமாகக் காட்சியில் வைக்க வேண்டும்" என்று நிபந்தனை போட்டால் வாங்கவே தயங்குவார்கள். காட்சிக்கு வைத்தால் குடும்பப் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று கடிதத்தில் கேட்பது நியாயமானது, கேளுங்கள். கொடுத்த பின் திரும்பக் கேட்க முடியாது என்பதால், வீட்டில் ஒருவருக்காவது மனம் ஒப்பவில்லை என்றால் அந்தப் பொருளை இப்போதைக்குப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அன்பளிப்பாகக் கொடுப்பதற்கோ புதையலை அறிவிப்பதற்கோ அரசுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள். உங்கள் கைச்செலவு படப் பிரதி, நகல், அஞ்சல், பேருந்து, தேவைப்பட்டால் மலையாளப் பிரமாணத்தைப் பெயர்த்து எழுதுவதற்கான கூலி, இவ்வளவுதான். குடும்பப் பொருளில் பெரும்பாலான காலம் கையெழுத்துச் சேர்ப்பதில் போகும். புதையலில் சட்டம் சொல்லும் நான்கு முதல் ஆறு மாத அறிவிக்கைக் காலத்துக்கு மேலும் ஆகலாம் என்று எண்ணியே தொடங்குங்கள்.

பதிவெண், ஒப்புகை, சம்மதக் கடிதம், படங்கள் எல்லாவற்றின் நகலையும் வீட்டுப் பிரமாணத்துடன் ஒரே கவரில் வையுங்கள். பின்னாளில் உங்கள் பேரப்பிள்ளையோ ஓர் ஆய்வு மாணவரோ இருப்பறையிலுள்ள அந்தப் பொருளைப் பார்க்க விரும்பினால், காப்பாட்சியருக்கு எழுதும் விண்ணப்பத்தில் பதிவெண்ணைக் குறிப்பிட்டால்தான் தேடி எடுத்துக் காட்டுவது அவர்களுக்கு எளிதாக இருக்கும்.